மூன்று தடவை கூப்பிட்ட எண்

கிம்மாஸ்
12-12-1956

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

அக்கா சீதா எழுதுவது. மூன்றே மாதம் மூத்தவள் என்றாலும் அக்கா அக்காதான். கடிதத்திலாவது மரியாதை கொடுத்துப் பழகு. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். சின்னம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் தங்கிப் படித்துவிட்டு வந்த எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அம்மா வைக்கும் மீன் குழம்பில் புளி போதவில்லை என்று சொல்லி, நேற்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆசிரியர் கல்லூரி நுழைவுத் தேர்வு ஒரு வழியாக முடிந்தது. எனக்குக் கணக்குக்குப் பதில் மனையியல் என்பதால் வெள்ளிக்கிழமையோடு தப்பித்தேன். நீயும் மல்லிகாவும் திங்கட்கிழமை கணக்கோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். கேள்விகள் எப்படி? அந்த வட்டக் கணக்கு வந்ததா?

இன்னொன்று. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகாவிட்டால் நான் அந்த நோட்டீஸைப் பார்த்தே இருக்க மாட்டேன். மத்தியானம் சுதந்திர விழாக் குழுவுக்கு மண்டபம் வேண்டுமாம். அதற்காகத் திங்கட்கிழமை இரண்டு மணிப் பரீட்சையைக் காலை ஒன்பதுக்கு மாற்றி, வெள்ளி சாயங்காலம் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? மல்லிகா அதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான் உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்து, தம்பினில் ரயில் ஏறியும் அதே நினைப்புத்தான். நீ சனிக்கிழமையே போய் அவளிடம் சொல்லியிருப்பாய். சொன்னாயல்லவா?

மலாக்காவின் தமிழ்ப் பெண்களுக்கு இந்த ஆண்டு ஒரே இடம் என்று கமலவேணி டீச்சர் சொன்னதிலிருந்து எனக்கு உங்கள் இருவரையும் நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. கிம்மாஸ்காரி என்பதால் என் பெயர் நெகிரி செம்பிலான் மாநிலக் கணக்கில் போய்விடும். உங்களில் யாருக்குக் கிடைத்தாலும் எனக்குப் பாதிச் சந்தோஷம், பாதி அழுகை.

பதில் எழுத நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே.

உன் அக்கா,
சீதா

---

காஜா பேராங், மலாக்கா
20-12-1956

மரியாதைக்குரிய சீதாக்காவுக்கு,

போதுமா மரியாதை? இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்காலுக்குச் சீன வைத்தியர் ஒரு கறுப்புத் தைலம் கொடுத்திருக்கிறார். வலி போகிறதோ இல்லையோ, வீட்டில் கொசு போய்விட்டது. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கேட்டதாகச் சொல்.

கணக்குத் தாள் சுமார்தான். வட்டக் கணக்கு வந்தது, பதினைந்து மார்க்குக்கு. சிரிக்காதே, நான் காம்பஸ் பெட்டியைக் கொண்டுபோகவில்லை. மசிக்குப்பியின் அடியை வைத்து வட்டம் போட்டேன். தாளில் நீல வளையமாக ஒட்டிக்கொண்டது. திருத்துகிறவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

வீட்டில் உன் கட்டிலை அம்மா இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைக்கு முதல் நாள், மிளகாய் காய வைக்கிறேன் என்று அந்தக் கட்டிலையே வாசலில் இழுத்துப் போட்டு அதன்மேல் பரப்பிவிட்டார். நாலு நாள் பிடித்த மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் என்று அவருக்கு அவசரம். இப்போது அதில் படுத்தால் தும்மல் வருகிறது. நீ வரும்போது வேறு பாய் போடுகிறேன்.

அப்பா ரப்பர்க் கடையிலிருந்து வந்ததும் தினமும் ஒரே கேள்விதான்: ரிசல்ட் எப்போது? இடம் கிடைக்காவிட்டால் மூவாரில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம். துணிக்கடை வைத்திருக்கிறாராம். ஜாதகத்தைக் கொடுத்தாயிற்று. அப்பா ஒன்றைச் சொன்னால் அதை மாற்ற மாட்டார் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு கோளாறு பிடித்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் எண்கள்தான் கண்ணில் படுகின்றன. நேற்று உஜோங் பாசிருக்கு மீன் வாங்கப் போனபோது பஸ் டிக்கெட்டின் கடைசி மூன்று எண் 214. கசங்கும் வரை அதைக் கையில் வைத்திருந்தேன்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

தங்கை,
கோகிலா

---

கிம்மாஸ்
28-12-1956

கோகிலாவுக்கு அக்காவின் அன்பு.

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கணக்குப் பரீட்சைக்குக் காம்பஸ் இல்லாமல் போனவள் இந்த மலாயாவிலேயே நீ ஒருத்திதான். சண்டைக்குப் போகிறவன் அரிவாளை மறந்த கதை. அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரயில் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் என் மார்க்கைத் தினமும் கூட்டிப் பார்க்கிறேன். காலையில் கூட்டினால் அறுபத்தெட்டு வருகிறது, சாயங்காலம் கூட்டினால் ஐம்பது. உனக்கும் அப்படித்தானா?

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மிளகாய், தைலம், மூவார் மாப்பிள்ளை எல்லாம் இருக்கிறது. மல்லிகாவைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அவளும் எனக்கு எழுதவில்லை. தோட்டத்துக்குத் தபால் போக நாளாகும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். 214 அவளுடைய எண் அல்லவா? உன்னுடையது 213. அவள் உனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் கணக்கை எப்படிச் செய்தாள் என்று எழுது. நூற்றுக்கு நூறு என்றால்கூட எனக்கு ஆச்சரியமில்லை.

சீதா

---

காஜா பேராங், மலாக்கா
15-1-1957

அன்புள்ள அக்கா,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியதா? இங்கே பொங்கியது. எல்லோருக்கும் சுகம்தான். தாமதத்துக்குக் கோபிக்காதே.

மல்லிகா கணக்குப் பரீட்சை எழுதவில்லை.

சனிக்கிழமை புக்கிட் ரம்பாய்க்குப் போகலாம் என்று கிளம்பினேன். மழை. பஸ் ஓடவில்லை என்றார்கள். ஞாயிறும் அதே மழை. எப்படியும் அவள் காதில் யாராவது போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை போனால் எனக்குப் பின் மேசை காலி. எண் எழுதிய சிறு காகிதம் மட்டும் மேசை மூலையில் ஒட்டியிருந்தது, காற்றாடிக் காற்றில் படபடத்துக்கொண்டு.

மேற்பார்வையாளர் பட்டியலை எடுத்து 214 என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து எண் நான்தானே. 'இந்தப் பெண்ணைத் தெரியுமா?' என்று கேட்பார் போல இருந்தது. கேட்கவில்லை. நான் குனிந்துகொண்டேன். அவர் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். மூன்று மணி நேரமும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ எழுதுவது போலவே இருந்தது, அக்கா. பேனா முள் கீறும் சத்தம்கூடக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன். அங்சானா மரத்தடியில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். சீக்கிரமே வந்து கடைசியாக ஒரு தடவை படிக்கலாம் என்று வந்திருக்கிறாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, இரண்டு பென்சில் கூராகச் சீவி வைத்திருந்தாள். நாங்கள் கூட்டமாக வெளியே வருவதைப் பார்த்த அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

நான் நேரே போய், 'எனக்கும் தெரியாது மல்லிகா, காலையில் வந்துதான் நோட்டீஸைப் பார்த்தேன்' என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அம்மாவோடு கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறாளாம். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

கோகிலா

---

கிம்மாஸ்
21-1-1957

என் கண்ணு கோகிலா,

எல்லோரும் நலம் என்று எழுத மனமில்லை, ஆனாலும் நலம்தான். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தப்பு என்னுடையது. ரயில் போனால் போகிறது என்று நானே புக்கிட் ரம்பாய்க்குப் போயிருக்க வேண்டும். உன் தலையில் கட்டிவிட்டு ஓடிவந்தேன். மழைக்கு நீ என்ன செய்வாய்? ஆனால் அவளிடம் ஏன் அப்படிப் பொய் சொன்னாய்? மழையால் வர முடியவில்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாமே. அவள் புரிந்துகொள்கிறவள்தான்.

இப்போது கவனமாகக் கேள். அப்பா விசாரித்தார். நோட்டீஸ் சேதி எட்டாமல் ஒருவர் பரீட்சையைத் தவறவிட்டால், அதைத் தெரிந்த இன்னொரு மாணவி கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் தனியாக ஒரு கணக்குத் தாள் வைப்பார்களாம். பிப்ரவரி பதினைந்துக்குள் தேர்வு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நான் எழுதினால் செல்லாது. சேதியை உன்னிடம் விட்டேன் என்று மட்டும்தான் என்னால் எழுத முடியும். சேதி அவளுக்குப் போகவில்லை என்று சொல்ல வேண்டியவள் நீ. பத்து வரி போதும். சனி ஞாயிறு மழை, போக முடியவில்லை, அவளுக்குத் தெரிய வழியில்லை. அவளிடமும் ஒரு வாக்குமூலம் வாங்குவார்கள், இரண்டும் ஒத்துப்போனால் முடிந்தது.

அவள் எழுதினால் உன் இடத்துக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இதைக் கேட்பது எனக்கும் கஷ்டம்தான். ஆனாலும் மூன்று பேரும் ஒரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவர்கள். எழுதிவிடு.

சீதா

---

கிம்மாஸ்
9-2-1957

கோகிலா,

நலமா? நீ எழுதி இருபது நாளுக்கு மேல் ஆகிறது. அலுவலகத்துக்கு எழுதிவிட்டாயா? இன்னும் ஆறு நாள்தான். ஒரு தபால் அட்டையில் 'எழுதிவிட்டேன்' என்று ஒரே வார்த்தை போடு.

சீதா

---

காஜா பேராங், மலாக்கா
24-2-1957

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அப்பா சுகம். எனக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் படுக்கையில் இருந்தேன். அதனால் எழுத முடியவில்லை, உனக்கும் சரி, அலுவலகத்துக்கும் சரி. தேதி போய்விட்டது என்று தெரியும். திட்டுவதானால் திட்டிக்கொள்.

டாக்டர் வீட்டில் கூட்டம். எனக்குக் கொடுத்த சீட்டில் 14 என்று இருந்தது. கம்பவுண்டர் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அம்மா என் தோளை உலுக்கினார். 'மூணாந்தடவை கூப்பிடட்டும்' என்று நான் சொன்னேனாம். காய்ச்சலில் உளறுகிறாள் என்று அம்மா அழுதார். எனக்கு அப்போது காய்ச்சலே இல்லை, அக்கா.

மாசி மகத்தன்று கோயிலுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் பேனா முள் கீறும் சத்தம் கேட்டது. இந்தத் தடவையும் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் திரும்பினேன். மல்லிகா நின்றாள். காணிக்கைத் தாளில் அவள் அம்மா பொன்னம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக்கொண்டிருந்தாள். கறுத்துப் போயிருக்கிறாள். கையில் கித்தாப் பால் காய்ந்து நகக்கண்ணெல்லாம் கோடு கோடாக இருந்தது. குருபோங்கில் ஒரு லோரி டிரைவரைப் பார்த்திருக்கிறார்களாம், வைகாசியில் கல்யாணமாம்.

என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினாள். காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரிசல்ட் வந்ததா என்று கேட்டாள். ஒனக்குத்தான் கெடைக்கும் என்றாள். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. நான் விபூதியை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கும் அலுவலகத் தேதிக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

காம்பஸ் பெட்டியை அம்மா அலமாரியின் மேல் தூக்கிப் போட்டுவிட்டார். லோரி போகும்போதெல்லாம் உள்ளே கிலுகிலுவென்று ஆடுகிறது.

கோகிலா

---

கிம்மாஸ்
6-3-1957

கோகிலா,

மல்லிகா எனக்கு எழுதியிருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே பெயர்த்து வைக்கிறேன்:

'பரீட்சைக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், சைக்கிளில் கோகிலா வீட்டுக்குப் போனேன். என் காம்பஸின் திருகு உடைந்துவிட்டது. ஒரு காம்பஸ் கேட்டேன், அவள் பெட்டியையே கொடுத்துவிட்டாள். அரை மணி நேரம் சேர்ந்து கணக்குப் போட்டோம். பாவம், அவளுக்கும் நேரம் மாறியது தெரியாது. அவளைத் திட்டாதே.'

உன் டிசம்பர்க் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சின்னம்மா மிளகாய் காய வைத்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். மசிக்குப்பியை வைத்து வட்டம் போட்டதையும் எழுதியிருக்கிறாய். நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உன் வீட்டுக்கு வந்தாளா?

சீதா

---

காஜா பேராங், மலாக்கா
3-4-1957

சீதாக்காவுக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்கிறேன். நீயும் பெரியம்மாவும் பெரியப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

வந்தாள்.

வெள்ளிக்கிழமை நீ சொன்னபோது, சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. சனிக்கிழமை மழை, அது மட்டும் உண்மை. ஞாயிறு பதினோரு மணிக்கு அவளே வந்தாள். மூன்று நாளாக நான் முட்டிக்கொண்ட வட்டக் கணக்கைக் காட்டினேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே நாலு வரியில் முடித்தாள். 'இவ்வளவுதான் கோகிலா' என்றாள். அவள் கர்வத்தோடு சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஒரே இடம், அது இவளுக்குத்தான், எனக்கு மூவார் துணிக்கடை என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

அப்போதும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவில்லை, அக்கா. தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். கொடுத்தேன். கிளம்பும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு காம்பஸ் கேட்டவளுக்குப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். 'ஒனக்கு?' என்றாள். அப்பாவுடையது இருக்கிறது என்றேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, 'நாளைக்கு ரெண்டு மணிக்குப் பாப்போம்' என்றாள். நான் தலையை ஆட்டினேன். என் பாவம் முழுவதும் அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது. மறுநாள் மரத்தடியில் அவள் சைக்கிளைத் திருப்பும் முன் பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதை உனக்கு எழுதவில்லை.

நீ கடிதம் எழுதச் சொன்னபோது ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அவளிடமும் வாக்குமூலம் வாங்குவார்கள் என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? காய்ச்சல் வந்தது நிஜம்தான். அது போதாதா என்று பார்த்தேன்.

உன் மார்ச் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எத்தனை தாள் கிழித்தேன் என்று கணக்கில்லை. அதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. போன வியாழக்கிழமை பள்ளிப் பலகையில் ஒட்டினார்கள். உன் எண் இருந்தது. உனக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் சந்தோஷம். மலாக்காவின் ஓர் இடத்துக்கு மூன்று பேர், அதில் முதல் எண் 213. திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு. அப்பா தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. இந்த நாலு மாதமாக என் காதில் மட்டும் கேட்கிற மணிதான் என்று நான் எழுந்திருக்கவில்லை. அம்மாதான், 'மல்லிகா வந்திருக்கு பாரு' என்று கூப்பிட்டார். முழங்கால் வரை சேறு. சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போனவள், பலகையைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். நோட்டுத் தாளில் நோட்டீஸை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நல்ல சேதி வெறும் தாளில் போகக் கூடாதென்று வழியில் கடையில் மஞ்சள் வாங்கித் தடவினாளாம்.

'நேரம் மாறியிருக்கு கோகிலா. ரெண்டு மணி இல்ல, காலையில எட்டு மணி. ரெண்டு தரம் எழுதியிருக்கேன் பாரு.'

எட்டு மணி என்று எழுதி, கீழே கோடு போட்டு, மறுபடியும் எட்டு மணி என்று எழுதியிருந்தாள்.

வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மல்லிகா சைக்கிள் கைப்பிடியை விடவேயில்லை. நான் முடித்த பிறகு, 'தெரியும்' என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

'அன்னைக்கு மரத்தடியில நான் ஒண்ணுமே கேக்கலையே. நீயாதான் ஓடி வந்து, எனக்கும் தெரியாதுன்னு சொன்ன. அப்பவே தெரியும்.'

நாலு மாதம், அக்கா. நான் மறைத்து வைத்தேன் என்று நினைத்தது முதல் நாளே அவள் கையில் இருந்திருக்கிறது. கோயிலில் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோதும் அவளுக்குத் தெரியும். உனக்கு எழுதியபோதும் தெரியும். அப்புறம் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். சீதா உன் அக்கா, சொல்வதானால் நீ சொல்ல வேண்டும் என்றாள். அப்படியானால் இன்றைக்கு ஏன் வந்தாய் என்றேன்.

'நோட்டீஸப் பாத்துட்டேன். பாத்துட்டு எப்படிச் சும்மாப் போறது?'

மன்னிப்பு என்று நான் வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். 'அதெல்லாம் இப்பக் கேக்காத. எனக்குக் கோவம் இன்னும் தீரல' என்றாள். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். உட்காரவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு மலாய் அதிகாரி, மாணிக்கவாசகம் என்று ஒரு தலைமையாசிரியர். ஆகஸ்டில் சுதந்திரம் வரப்போகிறது, இந்த நாட்டுக்கு எப்படிப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு நான் மனப்பாடம் செய்து வைத்த பதில் இரண்டு பக்கம். அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். மல்லிகாவுக்குத் தனித் தாள் வைப்பது பற்றி மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். தேதி கடந்ததால் உறுதி சொல்ல முடியாதாம். ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள். மத்தியானமே பஸ் ஏறி புக்கிட் ரம்பாய்க்குப் போய் அவள் அம்மாவிடம் சொன்னேன். பொன்னம்மா என்னைப் பார்க்கவேயில்லை. ஆனால் பதில் வரும் வரை வைகாசி முகூர்த்தத்தைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார்.

அப்பா என்னிடம் பேசுவதில்லை. மூவாருக்குக் கடிதம் போய்விட்டது. அம்மா மட்டும் நேற்று அலமாரியிலிருந்து காம்பஸ் பெட்டியை இறக்கித் துடைத்து, ஒரு பையில் போட்டு வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்த வெள்ளைக்கார அம்மா டிசம்பர்ப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். அந்தக் கோடு இன்னும் அதில் இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, அந்தப் பெண்ணின் எண் என்ன என்று கேட்டார். அந்த அறையிலும் காற்றாடி ஓடியது, காகிதம் படபடத்தது. மூன்றாவது தடவை கேட்க அவரை நான் விடவில்லை. முதல் தடவையிலேயே, இருநூற்றுப் பதினான்கு என்று உரக்கச் சொன்னேன்.

இப்போது மறுபடியும் ஒரு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன், அக்கா. இந்தத் தடவை அது என்னுடையது இல்லை.

கோகிலா